மண்ணில் எடுத்த கால் அளவு

"...காலைக் காட்டுங்கன்னா மண்ணைக் காட்டுறீங்களே ஐயா. மண்ணுக்கா நான் செருப்பு தைக்கப் போறேன்?"

கேட்டவர் ஏசடியான், செருப்புத் தைப்பவர். கேட்கப்பட்டவர் ஞானசிகாமணி முதலியார், எங்கள் சபையின் மூப்பர். இருவருக்கும் நடுவில் வாசற்படியில் ஒரு முறம் இருந்தது. முறத்தில் ஈரமணல், மணலில் முதலியாரின் வலது கால் பதிந்த அச்சு. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற உபதேசியார் நான்.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நேராக அங்கே போனால் உங்களுக்கு விளங்காது. அந்த முறம் அந்தப் படிக்கு வந்து சேர்ந்ததில் பாதிக்குமேல் என் தப்பு. ஆகையால் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உபதேசியார் வேலைக்கும் கிராமப் பள்ளி வாத்தியார் வேலைக்கும் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, வீடுவீடாகப் போய் வேதம் வாசிக்கப்போகும் தங்கைமார்களே, ஜெபக்கூட்டம் நடத்துவது எப்படி, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குப் பள்ளியிலே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கு அந்தப் பள்ளி வாய்க்கவில்லை. என் தகப்பனார் பேர்ணாம்பட்டில் ஒரு சாயபுவின் தோல் மண்டியில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் நின்று வேலை செய்தவர். குழி ஓரத்தில் உட்கார்ந்து, பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் பிரித்துப் பிரித்து எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். அதனால் புஸ்தகத்தில் இருப்பது எனக்குக் கொஞ்சம் கம்மி. ஜனங்கள் வாயிலிருந்து விழுவது ஜாஸ்தி. யாராவது நல்ல வார்த்தை ஒன்று சொல்லிவிட்டால், வீட்டுக்கு வரும்வரை அதை மனசுக்குள் உருட்டிக்கொண்டே வந்து நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைப்பேன். அந்த நோட்டுகளில் ஒன்றைப் பார்த்துத்தான் இதையும் எழுதுகிறேன்.

மாதனூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் ஒரு ஊர். ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பட்டாளத்து பூட்சுக்குத் தோல் வேண்டுமென்று ஆம்பூர் மண்டிகளில் ஓய்வில்லாமல் வேலை ஓடியது. அந்த ஊர்ச் சபைக்கு என்னை அனுப்பினார்கள். புறப்படுவதற்கு முன்னால், நாட்றம்பள்ளிப் பக்கம் வேலையிலிருந்த ஒரு மூத்த உபதேசியாரைப் போய்ப் பார்த்தேன். என்ன பிரசங்கம் செய்யலாம் என்று கேட்டேன். "போனதும் வாயைத் தொறக்காத. மூணு மாசம் யார் யார் எங்க செருப்பைக் கழட்டுறாங்கன்னு மட்டும் பாரு. மொத்த ஊரும் அதுல தெரிஞ்சிடும்" என்றார்.

பார்த்தேன். அவர் சொன்னது நிஜம்தான்.

கோவிலுக்கு முதலியார் வீடுகள் நாலு வரும். அவர்கள் பாட்டன் காலத்திலேயே கிறிஸ்து மார்க்கத்துக்கு வந்தவர்கள். செருப்பைத் தெற்குப் படியில் விட்டுவிட்டு, முன்னால் பாய் விரித்து உட்காருவார்கள். சேரியிலிருந்து முப்பது வீட்டுக்கு மேல் வரும். அவர்களில் செருப்பு உள்ளவர்கள் பூவரச மரத்தடியில் விட்டுவிட்டுப் பின்னால் உட்காருவார்கள். நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடைவெளி இருக்கும். அங்கே யாரும் கோடு போடவில்லை. போட்டிருந்தால் அழித்திருக்கலாம்.

இன்னொன்றும் பார்த்தேன். சேரி ஜனங்கள் கோவிலுக்கு வரும் வழி ஊர்த்தெரு வழியாகத்தான். தெரு முடியும்வரை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். தெரு முடிந்ததும் போட்டுக்கொள்வார்கள். அங்கிருந்து பூவரச மரம் நாற்பது அடிகூட இருக்காது. மறுபடியும் கழற்ற வேண்டும். நாற்பது அடிக்கு எதற்கப்பா இந்தப் பாடு என்று ஒருவரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இந்த ஊர்ல எனக்கு இருக்கிற ரோடே அவ்ளோ தாங்க" என்றார்.

அந்த வார்த்தையை எழுதி வைத்ததோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். அது என்னைத் தூங்கவிடவில்லை. மூன்று மாசம் பார்த்தாகிவிட்டது, இனிமேல் செய்ய வேண்டியதுதான் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

சித்திரை மாசத்தில் வெள்ளைக்காரப் பாதிரி துரை ஆராதனைக்கு வந்தார். அவர் பிரசங்கம் ஆரம்பித்தால் சீக்கிரம் முடிக்கமாட்டார். நடுவில் நான் மெல்ல எழுந்து வெளியே போனேன். தெற்குப் படியிலிருந்த செருப்புகளையும் மரத்தடியிலிருந்த செருப்புகளையும் எடுத்துவந்து, கோவில் சுவரோரமாக ஒரே வரிசையில் வைத்தேன். அங்கிருந்து ஒரு ஜோடி, இங்கிருந்து ஒரு ஜோடி என்று மாற்றி மாற்றி, கொத்தனார் செங்கல் அடுக்குவது மாதிரி அடுக்கினேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. உள்ளே துரை, கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று பிரசங்கித்துக்கொண்டிருந்தார். வெளியே நான் அதைச் செய்தே முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆசீர்வாதம் முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். மூப்பர் ஞானசிகாமணி முதலியார் அந்த வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். தம்முடைய செருப்பு எங்கே, யாருடைய செருப்புக்கும் யாருடைய செருப்புக்கும் நடுவில் இருக்கிறது என்று பார்த்தார். செருப்பைத் தொடாமல் வெறுங்காலோடு இறங்கி நடந்தார். மற்ற மூன்று வீட்டாரும் அவர் பின்னால் போனார்கள். சித்திரை வெயில், மணல் கொதிக்கிறது. குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள்.

சரி, இவர்களாவது எடுத்துக்கொள்வார்கள் என்று சேரி ஜனங்களைப் பார்த்தேன். அவர்களும் எடுக்கவில்லை. நாற்பதடி ரோடு சொன்னாரே, அவரே சொன்னார்: "அவங்க விட்டுட்டுப் போய்ட்டாங்க. இப்ப நாங்க கிட்ட போய் எடுத்தா, நாளைக்கு ஒண்ணு காணோம்னா யாரைச் சொல்வாங்க?" அவர்களும் வெறுங்காலோடு போனார்கள்.

துரை கடைசியாக வந்தார். வரிசையைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, நல்ல கூட்டம் என்று சந்தோஷப்பட்டு ஜட்கா ஏறினார். நல்ல மனுஷர். எந்தக் காய்ச்சல் வீட்டுக்கும் பயமில்லாமல் போவார். ஆனால் அன்றைக்கு அங்கே நடந்தது எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

ஏசடியானின் மனைவி ரெபேக்காள் மட்டும் போகாமல் நின்றார். துரையின் ஜட்கா போன திசையைப் பார்த்தபடி, "கோயிலுக்குள்ள போன தோலு துரை பூட்ஸ் ஒண்ணு தான். அதுக்கு ஒரு சண்டையும் இல்ல பாத்தீங்களா" என்றார். நியாயம்தான். நாமெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர்கள். வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு பூட்சோடு போகிறவர்கள். ஆனால் அந்த அம்மாள் அதோடு விடவில்லை.

"எல்லாரு செருப்பையும் வரிசை வச்சீங்களே, உபதேசியாரே. உங்க செருப்பு எங்க?"

திரும்பிப் பார்த்தேன். என் செருப்பு, துரை நுழையும் பக்கவாசலில், தனியாக, நிழலில் இருந்தது. மூன்று மாசமாக அங்கேதான் கழற்றிக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லார் செருப்பையும் பார்த்தவன் அந்த ஒரு ஜோடியைப் பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டதும் சுண்ணாம்புக் குழிக்காரர் மகனுக்கு அந்த வாசல்தான் தன் வாசல் என்று தோன்றியிருக்கிறது. யாரும் என்னை அங்கே போகச் சொல்லவில்லை. என் கால்தான் போயிற்று.

செருப்புகளைப் பள்ளிக்கூடத்து அறையில் எடுத்து வைத்தேன். அதற்குள் ஒரு நாய் அதில் ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. சேரிக்காரர்கள் வார நாட்களில் ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டார்கள். முதலியார் வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை. மூன்று வீட்டார் புதிதாகத் தைத்துக்கொண்டார்கள். முதலியார் மட்டும் கோவிலில் பழைய ஒழுங்கு திரும்பும்வரை செருப்பே போடுவதில்லை என்று பொருத்தனை பண்ணிக்கொண்டார். ஞாயிறு தவறாமல் வெறுங்காலோடு வருவார், முன்னால் உட்காருவார், பாட்டுப் பாடுவார். என்னோடு மட்டும் பேசமாட்டார். செருப்பு மறுபடியும் படி வேறு, மரத்தடி வேறு என்று பிரிந்து போய்விட்டதே என்று ஆள் மூலமாகச் சொல்லிப் பார்த்தேன். அடுக்கியவன் மனசு மாறியதா என்று திருப்பிக் கேட்டனுப்பினார்.

மூத்த உபதேசியாரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நான் பாருன்னு தான சொன்னேன். அடுக்குன்னா சொன்னேன்?" என்றார். "அவங்கள்ல ஒருத்தரையாவது கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. மேலே இருந்தவர்களையும் கேட்கவில்லை. யாருக்காகச் செய்தேனோ அவர்களையும் கேட்கவில்லை.

ஆடி மாசத்தில் ஒரு ஞாயிறு, ஜெபத்தின் நடுவில், முதலியாரின் பாயைச் சுற்றி ஈ மொய்ப்பதைப் பார்த்தேன். மறுநாள் அவர் மனைவி சாராள் அம்மாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

அந்த வீட்டு முன்கூடத்தில் முதலியாருக்கு ஒரு பெஞ்சு. எனக்கு ஓரத்தில் ஒரு முக்காலி. சுவரோரமாக ஒரு நாற்காலி உண்டு, கையும் சாய்வும் வைத்தது. அதன்மேல் எப்போதும் வெள்ளைத்துணி போர்த்தியிருக்கும். துரை வீட்டுச் சந்திப்புக்கு வரும்போது மட்டும் துணியை எடுப்பார்கள். மற்ற நாட்களில் முதலியாரே அதில் உட்காரமாட்டார்.

சாராள் அம்மாள் முதலியாரின் காலைத் தூக்கிக் காட்டினார். குதிகாலுக்கு முன்னால் உள்ளங்காலில் கருவேல முள் ஒடிந்து உள்ளேயே இருந்தது. சுற்றிலும் கறுத்துப் போயிருந்தது. "எப்ப குத்துச்சின்னே தெரியலயாம். வலியே இல்லையாம்" என்றார். முதலியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ அந்த முள்ளை நான்தான் கொண்டுபோய் வைத்தது மாதிரி இருந்தது.

ஆம்பூர் போய் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர். அவருடைய தமிழ் இலக்கணம் பார்க்காது, நேராகப் போகும். ஊசியை எடுத்து முதலியாரின் பெருவிரலில் குத்தினார். முதலியார் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். குத்தியது அவருக்குத் தெரியவில்லை. நீரிழிவு, பல வருஷமாக இருக்கிறது, கால் தூங்கிவிட்டது, இனி விழிக்காது என்றார். முள்ளை எடுத்து, அழுகியதை வெட்டி, ஆற வைப்பதற்குக் கார்த்திகை ஆகிவிட்டது.

அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான். இனி செருப்பில்லாமல் ஒரு அடியும் வைக்கக் கூடாது. ஆனால் சாதாரணச் செருப்பும் கூடாது. புண் ஆறின இடத்தில் பாரம் விழாமல் குழி விட்டு, சுற்றிலும் மெத்தென்று எழுப்பித் தைக்க வேண்டும். தைப்பவர் எலும்பு எங்கே துருத்துகிறது, சதை எங்கே கம்மி என்று விரலால் தொட்டுப் பார்த்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் புண் திரும்ப வரும். "அடுத்த தடவை நான் காலை எடுப்பேன். இங்கே" என்று முழங்காலுக்குக் கீழே தம் கையால் ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

வண்டியில் திரும்பும்போது முதலியார், சித்திரைக்குப் பிறகு முதல் தடவையாக என்னோடு பேசினார். "நம்ம பக்கத்துல நல்லா தைக்கிறவன் ஏசடியான் ஒருத்தன் தான்" என்றார். செருப்புப் பொருத்தனை அதோடு போயிற்று. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு சிக்கல் இருந்தது. அது என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஊரார் காலை ஏசடியான் தொடக் கூடாது. செருப்பு வேண்டுமென்றால் முறத்தில் ஆற்றுமணலை ஈரமாகப் பரப்பி, அதில் காலை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். வேலையாள் அந்த முறத்தைப் பின்கட்டு வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைப்பார். ஏசடியான் ஈர்க்குச்சியை அந்த அச்சில் வைத்து நீளம் ஒரு முறி, அகலம் ஒரு முறி, விரல் இடுக்கு ஒரு முறி என்று ஒடித்துக்கொள்வார். ஒவ்வொரு காலுக்கும் ஒரு கட்டு ஈர்க்கு. தைத்து முடித்ததும் அதே இடத்தில் வைத்துவிட்டு விலகி நிற்பார். அவர்கள் செருப்பின்மேல் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார்கள். தண்ணீரில் தோல் கெட்டுவிடும் என்பது அவருக்கு ஒரு தனி வருத்தம்.

நான் ஏசடியான் வீட்டுக்குப் போனேன். செருப்பு அடுக்கிய நாளிலிருந்து அவர் வீட்டு வாசலில் நிற்க எனக்கு வெட்கம்தான். அவரோ ஒன்றும் நடக்காதது மாதிரி மரக்கட்டையை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து கூரையில் செருகியிருந்த ஈர்க்குக் கட்டுகளில் ஒன்றை உருவினார். முதலியாருடையதாம். அவருக்கு மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து எடுத்த அளவெல்லாம் அதில் இருந்தது.

"ரெண்டு மூணு வருசமா இவரு பெருவிரல் மண்ணுல சரியாப் பதியறதே இல்ல" என்றார். "முன்னெல்லாம் அழுத்தி வைப்பாரு, மண்ணு ஓரத்துல ஏறி நிக்கும். அப்புறம் பாத்தா காலை வச்ச மாதிரியே இல்ல, எவனோ கட்டையை வச்ச மாதிரி இருந்துது. காலுக்கு இன்னாவோ ஆயிடுச்சின்னு எனக்கு அப்பவே தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"யாருகிட்ட? முறத்துகிட்டயா?"

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. தாம் தொடாத, கிட்டே நின்று பார்க்காத ஒரு காலின் வியாதி இந்த மனுஷருக்கு டாக்டரம்மாவுக்கு முந்தியே தெரிந்திருக்கிறது. இது எப்படிப்பட்ட தூரம், எப்படிப்பட்ட நெருக்கம் என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன்.

துரையின் பூட்சுக்கும் இவர்தான் அடித்தோல் போடுகிறார் என்று எனக்குத் தெரியும். துரை காலைத் தொட விடுவாரா என்று, சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்டேன்.

"அது ஒரு பேஜாரும் இல்ல. தூக்கி மடி மேலயே வச்சிடுவாரு" என்றார். பிறகு ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னார்: "துரை காலைக் குடுப்பாரு. நாற்காலி குடுக்கமாட்டாரு. நம்மாளு ரெண்டும் குடுக்கமாட்டாரு. அவ்ளோ தான் வித்தியாசம்." துரையின் பங்களா வராந்தாவில் நாலு நாற்காலி கிடக்குமாம். இவர் உட்காருவது தரையிலாம். உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை, உட்கார் என்றும் சொன்னதில்லை.

நான் உட்கார்ந்திருந்த மரக்கட்டையைக் குனிந்து பார்த்தேன். அந்த வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான். என் வீட்டில் இரண்டு நாற்காலி இருந்தது. இவர் அங்கே வந்தபோதெல்லாம் எங்கே உட்கார்ந்தார் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

பிறகு நான் செய்ய இருந்த இரண்டாவது தப்பைச் சொல்கிறேன். முதலியார் காலை நீட்டச் சம்மதிக்கமாட்டார், ஆகையால் நீங்களே கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், மண்ணிலேயே எப்படியாவது எடுத்துத் தையுங்கள் என்று ஏசடியானிடம் கேட்க வாயெடுத்தேன். சமாதானம் பண்ணுகிறவனுக்கு இந்தச் சோதனை எப்போதும் வரும், தம்பிகளே. யாரிடம் கேட்பது சுலபமோ அவரிடம்தான் கேட்கத் தோன்றும். பாதி கேட்டும்விட்டேன்.

"விட்டுக் குடுக்குறதுக்கு என்கிட்ட இன்னா இருக்குது?" என்றார் ஏசடியான். "கால் அவருது." தைக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. காலைத் தொடாமல் தைத்தால் காலைக் கெடுத்த பாவம் தம் கையில் வரும், அதைச் செய்யமாட்டேன் என்றுதான் சொன்னார்.

கால் கடைசியில் தப்பியதா என்று கேட்பீர்கள். தப்பியது. முதலியார் காலமானபோது இரண்டு காலோடுதான் பெட்டியில் படுத்திருந்தார். கோவிலில் அந்த இடைவெளி போயிற்றா என்று கேட்டால், அது அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. பாய் ஒரு முழம் பின்னால் வரும், ஏதாவது கல்யாணத் தகராறு வந்தால் மறுபடி முன்னால் போகும். பல வருஷம் இப்படியே இருந்தது. ஒரு ஜோடிச் செருப்பால் சபை ஒன்றாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், பிறகு உங்கள் ஊரில் அப்படி நடக்காதபோது என்னைத் திட்டுவீர்கள். ஒரு நாள் காலையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம். முதலியார் நடக்கக் கூடாது என்பதால் முன்கூடத்துப் பெஞ்சை விட்டு நகர வழியில்லை. ஆகையால் முறம் பின்கட்டுக்குப் போகாமல் முன்வாசற்படிக்கு வந்தது. ஏசடியானும் முன்வாசலுக்கு வந்தார். அதுவே எதிர்வீட்டு ஜன்னலைத் திறக்க வைத்தது. முறத்தைப் பார்த்ததும்தான், மண்ணுக்கா செருப்புத் தைக்கப் போகிறேன் என்று முதலில் எழுதினேனே, அந்தக் கேள்வியை அவர் கேட்டார்.

முதலியார் முகம் சிவந்தது. "இன்னாடா புதுசா பேசுற? முப்பது வருசமா மண்ணுல தான அளவெடுத்த?"

"எடுத்தேன் ஐயா. அப்பல்லாம் செருப்பு கடிச்சா உங்களுக்குத் தெரிஞ்சிது. இங்க கடிக்குது, அங்க கடிக்குதுன்னு ஆள் அனுப்புவீங்க, நான் தட்டிக் குடுப்பேன். இப்ப கடிச்சா உங்களுக்கே தெரியாது." ஏசடியான் குரலை உயர்த்தவில்லை. "உங்க காலுக்குத் தெரியாதது என் கைக்குத் தெரியணும். மண்ணுக்கு அது தெரியாது."

"ஆஸ்பத்திரியில எல்லாம் ஆச்சு. அது வேற" என்றார் முதலியார், யாரும் கேட்காமலே. அங்கே அவர் காலுக்குக் கட்டுப்போட்டவர் எந்தச் சேரிக்காரர் மகன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "வீடு வேற."

 என் வாயில் ஒரு வசனம் வந்து நின்றது. ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவிய வசனம்தான், வேறென்ன. சொல்ல வேண்டும் என்று நாக்குத் துடித்தது. சொல்லியிருந்தால் முதலியார் என்னோடு சண்டை போட்டிருப்பார். என்னோடு சண்டை போடுவது அவருக்குச் சுலபம். ஏசடியான் கேட்ட கேள்வி அந்தச் சண்டையில் காணாமல் போயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த ஊரில் நான் செய்த உருப்படியான ஊழியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்போது சாராள் அம்மாள் உள்ளேயிருந்து வந்தார். புருஷனைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. குனிந்து முறத்தை எடுத்தார். வாசலில் இறங்கி, கோலம் போட்டிருந்த இடத்துக்குத் தள்ளி, மணலைக் கொட்டினார். முறத்தைத் தட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முதலியாரின் கால் அச்சு ஒரு குவியலாகக் கிடந்தது.

முதலியார் அந்தக் குவியலைப் பார்த்தார். அவருடைய கை, தன்னை அறியாமல், முழங்காலுக்குக் கீழே, டாக்டரம்மா கோடு போட்டுக் காட்டிய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார். அது இன்னும் திறந்துதான் இருந்தது.

"உள்ள வா" என்றார். சொல்லிவிட்டு, வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கி, வலது காலைப் பெஞ்சிலிருந்து முன்னால் நீட்டினார். புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது.  

ஏசடியான், தெருவில் கையில் எடுத்துவந்திருந்த தம்முடைய செருப்பைப் படியில், முதலியார் செருப்பு முன்பு வழக்கமாக இருந்த இடத்துக்குப் பக்கத்தில், வைத்தார். உள்ளே வந்தார். கூடத்தின் நடுவில் நின்று தரையைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். பிறகு சுவரோரமாகப் போய், துரையின் நாற்காலியிலிருந்த வெள்ளைத்துணியை எடுத்து நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். நாற்காலியைத் தூக்கிவந்து பெஞ்சுக்கு எதிரில் போட்டார். அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். துணியைத் தம் மடியில் விரித்தார். இரண்டு கையையும் நீட்டி, முதலியாரின் காலை வாங்கி, அந்தத் துணிமேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.